முதல் தடவை கார் ஆயில் மாத்தப் போறீங்களா? சர்வீஸ் சென்டரா, மெக்கானிக் செட்டா, நம்ம வீட்டு வாசலா

"இந்த தடவை ஆயில நானே மாத்திடலாம்னு பாக்கிறேன்"னு யாராவது சொன்னா நான் திருப்பிக் கேக்கிறது ரெண்டே கேள்வி தான். வண்டிய சமதளமா கெட்டித் தரையில ரெண்டு மணி நேரம் நிறுத்தி வைக்க சொந்தமா இடம் இருக்கா? வடிச்ச பழைய ஆயில எங்க கொண்டு போய் குடுக்கப் போறீங்க? இந்த ரெண்டுக்கும் பதில் இல்லன்னா மத்ததப் பேசவே வேண்டாம், வேற வழி பாத்துக்கலாம். பதில் இருந்துச்சுன்னா காசு, கிரேடு, ஸ்பேனர் சைஸ் எல்லாம் அப்புறம் வர்ற சமாச்சாரம், அதெல்லாம் கத்துக்கலாம்.

இத எழுதக் காரணம் என் மச்சான். சென்னை வேளச்சேரியில ஃப்ளாட்ல இருக்காரு, 2019 ஸ்விஃப்ட் பெட்ரோல், வாரன்ட்டி முடிஞ்சிருச்சு, வீடியோ பாத்து பாத்து கை அரிக்குது, எது நல்லது மாப்ளன்னு கேட்டாரு. நான் ஈரோட்டுல தனி வீடு, போர்டிகோ இருக்கு, பழைய வேகன் ஆர், என் வண்டிக்கு நானே தான் மாத்துறேன். ஆனா அவருக்கு நான் சொன்ன பதில் வேற. ஏன் வேறன்னு தான் கீழ எழுதியிருக்கேன், அவரு மாதிரி யோசிக்கிற நிறைய பேருக்கு உதவும்.

முதல்ல காசு விஷயத்த முடிச்சிடுறேன், ஏன்னா முக்கால்வாசி பேரு இதுக்காக தான் ஆரம்பிக்கிறாங்க. நாம பாக்கிற வீடியோல நிறைய அமெரிக்காவுல எடுத்தது. அங்க ஒர்க் ஷாப் லேபர் மணிக்கு 100 டாலருக்கு மேல போற ஊரு நிறைய இருக்கு, அதனால வீட்டுல பண்ணா மிச்சம்னு அவங்க சொல்றது அவங்களுக்கு உண்மை. நம்ம ஊர்ல லேபர் தான் இருக்கிறதுலயே சீப்பு. எங்க பக்கம் சின்ன பெட்ரோல் காருக்கு ஆயிலும் ஃபில்டரும் நாம வாங்கிக் குடுத்துட்டா மெக்கானிக் வாங்குறது 300லேர்ந்து 500 ரூபாய், அதுல கிரீஸ் அடிக்கிறது, காத்து ஃபில்டர ஊதிக் குடுக்கிறதெல்லாம் சேர்ந்து நடந்துடும். ஆயில் பிராண்டப் பொறுத்து ஒரு கேன் 1,500லேர்ந்து 3,000 வரைக்கும் போகும், அது யாரு மாத்துனாலும் வர்ற செலவு தான். அப்போ நாமளே பண்றதால மிச்சமாகுறது அந்த 300, 500 மட்டும். அதுக்கு நல்ல ட்ராலி ஜாக்கி, ரெண்டு ஸ்டாண்டு, பாக்ஸ் ஸ்பேனர் செட்டு, ஃபில்டர் ரெஞ்சு, ட்ரே, போல்ட அளவா முறுக்குற டார்க் ரெஞ்சுன்னு தரமா வாங்குனா 8,000 ரூபாய் தாண்டிடும். வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்துற வண்டிக்கு இந்தக் காச எப்ப எடுக்கிறது, பேரன் காலத்துல தான் எடுக்கணும். சர்வீஸ் சென்டர் பில்லோட ஒப்பிட்டா மட்டும் தான் சில வருஷத்துல காசு திரும்பும். அதனால மிச்சம் பிடிக்கணும்னு மட்டும் நினைக்கிறவங்க மெக்கானிக் செட்டுக்குப் போயிடலாம், இதுல சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் எதுக்கு நானே பண்றேன்னா, இன்ஜினுக்குள்ள என்ன போகுது, எவ்வளவு போகுது, என்ன வெளிய வருதுன்னு கண்ணால பாக்கணும். பழைய வண்டிக்கு அது பெரிய விஷயம். அது கீழ வரும்.

சர்வீஸ் சென்டர் பக்கம் வருவோம். வாரன்ட்டியில இருக்கிற வண்டின்னா யோசிக்கவே யோசிக்காதீங்க, நேரா அங்க விடுங்க. வெளிய சர்வீஸ் பண்ணா வாரன்ட்டி போயிடும்னு கம்பெனிங்க சொல்றது சரியான்னு நம்ம நாட்டுல பெரிய வழக்கே நடந்திருக்கு, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்ல 14 கார் கம்பெனிங்க மேல 2,500 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு, ஒரிஜினல் ஸ்பேரையும் ரிப்பேர் விவரத்தையும் வெளி மெக்கானிக்குக்கு கிடைக்க விடாம வச்சிருக்காங்கன்னு. கம்பெனிங்க அப்பீலுக்குப் போய் அது வருஷக்கணக்கா இழுத்துச்சு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நாளைக்கு இன்ஜின்ல ஏதாவது வந்து கிளெய்ம் போடும்போது கவுன்ட்டர்ல அவங்க கேக்கிற முதல் விஷயம் சர்வீஸ் ஹிஸ்டரி தான், அங்க நின்னுட்டு 2014 ஆணையைப் பத்திப் பேசி ஒண்ணும் ஆகாது. 3,000 ரூபாய் மிச்சத்துக்காக லட்ச ரூபாய் இன்ஜின் வாரன்ட்டிய வம்புல மாட்ட வைக்காதீங்க.

இன்னொரு நல்லது என்னன்னா சர்வீஸ் சென்டர்ல வண்டிய லிஃப்ட்ல தூக்கி அடியில பாப்பாங்க, பிரேக் பேடு, சஸ்பென்ஷன் புஷ், ஆக்சில் மேல இருக்கிற ரப்பர் உறை கிழிஞ்சிருக்கா, கூலன்ட் லெவல் இதெல்லாம் ஒரு கண்ணு ஓட்டுவாங்க. விக்கும்போது கம்பெனி ரெக்கார்டு இருந்தா பேரம் பேச வசதி. கெட்டது என்னன்னா பில்லு. ஆயில் சர்வீஸ்னு விடுவோம், ஜாப் கார்டுல இன்ஜின் ஃப்ளஷ், ஏசி கிளீனிங், அண்டர் பாடி கோட்டிங், இன்டீரியர் பாலிஷ்னு வரிசையா ஏறியிருக்கும். அதுல ஒண்ணு ரெண்டு தேவையா கூட இருக்கலாம், ஆனா மேனுவல்ல அந்த கிலோமீட்டருக்கு என்ன போட்டிருக்கோ அத மட்டும் பண்ணுங்க, மத்தது எதுவானாலும் போன் பண்ணி கேட்டுட்டு பண்ணுங்கன்னு விடும்போதே ஜாப் கார்டுல எழுத வச்சிட்டு கையெழுத்துப் போடுங்க. பேரல்ல இருந்து ஊத்துறாங்களேன்னு சில பேரு பயப்படுறாங்க, அது தப்பு இல்ல, அவங்களுக்கு கம்பெனி பேரல்ல தான் சப்ளை வருது. பில்லுல கிரேடும் லிட்டரும் போட்டிருக்காங்களான்னு பாருங்க, மேனுவல்ல 3 லிட்டர் சொச்சம்னு இருக்கும்போது பில்லுல 4 லிட்டர் இருந்தா ஏன்னு கேளுங்க, கேக்கிறதுல கூச்சமே வேண்டாம்.

அடுத்தது மெக்கானிக் செட். முதல் தடவை ஆர்வத்தோட இருக்கிற ஆளுக்கு என்னோட ஓட்டு இதுக்கு தான். ஆயில், ஃபில்டர், ட்ரெயின் போல்ட் (அடியில ஆயில் வடிக்கக் கழட்டுற போல்ட்) வாசர் மூணையும் நீங்களே வாங்கிட்டுப் போங்க, கூட்டம் இல்லாத நேரமா மதியம் போங்க, "அண்ணே நான் கூட நின்னு பாத்துக்கிறேன், ஒண்ணு ஒண்ணா சொல்லிக் குடுங்க"ன்னு கேளுங்க. நல்ல மெக்கானிக்கா இருந்தா சந்தோஷமா சொல்லித் தருவாரு, பக்கத்துல நின்னா முகம் சுளிக்கிற ஆளுன்னா அந்த செட்டே நமக்கு வேண்டாம். நிறைய செட்டுல பிட்டு இருக்கும், அதான் அடியில இறங்கி நிக்கிற குழி. பழக்கமான பிறகு "ட்ரெயின் போல்ட நானே கழட்டுறேண்ணே"ன்னு கேட்டுப் பாருங்க. வண்டியத் தூக்கவே வேண்டாம், ஜாக்கி பயம் இல்ல, பழைய ஆயிலும் அவரு பேரலுக்கே போயிடுது. அந்த ரெண்டு கேள்விக்கும் ஒரே இடத்துல பதில் கிடைக்குது பாருங்க, 400 ரூபாய்க்கு இத விட நல்ல டியூஷன் எங்கயும் கிடையாது.

ஆனா செட்டுல ஒரு விஷயத்துல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க, அது கிரேடு, அதாவது ஆயிலோட கெட்டித்தன்மை அளவு. "நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் தண்ணி மாதிரி இருக்கு, கொஞ்சம் திக்கா ஊத்துனா இன்ஜின் சத்தமே வராது"ன்னு சொல்ற பழக்கம் நிறைய மெக்கானிக்குங்க கிட்ட இருக்கு. அவங்க கத்துக்கிட்ட காலத்து இன்ஜினுக்கு 20டபிள்யூ-40ங்கிற கெட்டி ஆயில் சரியா இருந்துச்சு, அந்த அனுபவத்த குறை சொல்ல முடியாது. இப்ப வர்ற இன்ஜின்ல பேரிங் கேப்பு, ஆயில் பம்பு, வால்வு டைமிங்க மாத்துற விவிடி எல்லாமே லேசான ஆயிலுக்குன்னு டிசைன் பண்ணது. 5டபிள்யூ-30ல அந்த முதல் நம்பர் குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது எவ்வளவு சுலபமா ஓடும்னு சொல்றது, பின்னாடி இருக்கிற 30 இன்ஜின் சூடாகி 100 டிகிரியில ஆயில் எவ்வளவு கெட்டியா நிக்கும்னு சொல்றது. வெளிய வெயில் 42 டிகிரி அடிச்சாலும் இன்ஜின் உள்ள சூட்ட தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் பாத்துக்குது, அதனால ஈரோடுக்கு ஒரு கிரேடு ஊட்டிக்கு ஒரு கிரேடுன்னு நாமளா மாத்த வேண்டியதில்ல. புது மாருதி பெட்ரோல் வண்டி சிலதுக்கு 0டபிள்யூ-16 தான் சொல்லியிருக்காங்க, அது பக்கத்து கடையில சட்டுனு கிடைக்காது, அதுக்காக இருக்கிறத ஊத்திடுங்கன்னு விடாதீங்க, ரெண்டு நாள் கழிச்சுக் கூட மாத்திக்கலாம். கேன்ல ஏபிஐ எஸ்என், எஸ்பின்னு ஒரு தரக் குறி இருக்கும், எஸ்பி 2020ல வந்த ஸ்டாண்டர்டு, பெட்ரோல் வண்டிக்கு அது அதுக்கு முந்தின எஸ்என்ன விட நல்லது. பிஎஸ்6 டீசல் வண்டின்னா ரொம்ப கவனம், அதுல டிபிஎஃப் இருக்கு, அதான் சைலன்சர் புகையில வர்ற கரியப் பிடிக்கிற ஃபில்டர், சாம்பல் கம்மியா வர்ற ஆயில் தான் ஊத்தணும், பழைய டீசலுக்கு ஊத்துறத ஊத்துனா அந்த ஃபில்டர் சீக்கிரம் அடைச்சுக்கும், அத மாத்துறதுக்கு ஆகுற செலவ ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க, புரியும்.

டூப்ளிகேட் ஆயில் பயம் நியாயமான பயம். சென்னையில இருக்கிறவங்களுக்கு ஜிபி ரோடு இருக்கு, ஸ்பேர் கடைங்க வரிசையா இருக்கும், அங்கயும் எம்ஆர்பிய விட பாதி விலைக்குத் தர்றேன்னு சொன்னா வாங்காதீங்க. அந்தந்த பிராண்டோட டீலர் கடை, இல்ல கம்பெனி ஸ்பேர் கவுன்ட்டர், பில்லோட வாங்குங்க. மூடியில சீல் உடையாம இருக்கா, பேட்ச் நம்பரும் தேதியும் அழிச்சு அடிச்ச மாதிரி இருக்கா பாருங்க. ஊத்தி முடிச்ச காலி கேன கத்தியால ஒரு கிழி கிழிச்சிட்டு போடுங்க, முழு கேனா பழைய பிளாஸ்டிக் கடைக்குப் போச்சுன்னா அதுல தான் அடுத்த டூப்ளிகேட் வருது.

வீட்டுக்கே வந்து மாத்திக் குடுக்கிற மெக்கானிக் சர்வீஸும் இப்ப பெரிய ஊர்ல எல்லாம் இருக்கு, நம்ம கண்ணு முன்னாடி பண்றாங்க, நேரம் மிச்சம். ஆனா வர்ற பையன் யாருன்னு நமக்குத் தெரியாது, அடுத்த தடவை வேற ஆளு வருவாரு, பாதி பேரு ஸ்டாண்டு இல்லாம ஜாக்கி மேலயே வண்டிய வச்சிட்டு அடியில போறாங்க, அத நம்ம வாசல்லயே பாத்துட்டு நிக்கிறதுக்கு மனசு வராது. கூப்பிட்டா ஸ்டாண்டு இருக்கான்னு முதல்ல கேளுங்க, இல்லன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. பழைய ஆயில அவங்களே எடுத்துட்டுப் போறாங்களான்னும் கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

இப்ப நாமளே பண்றது. இதுல ஆயில் மாத்துற வேலைய விட வண்டிக்கு அடியில போற வேலை தான் பெருசு. ஸ்டெப்னி மாத்த வண்டியோட குடுத்த ஜாக்கி டயர் மாத்த மட்டும் தான், அத வச்சு தூக்கிட்டு அடியில தலைய விடுறது உயிரோட விளையாடுறது. ட்ராலி ஜாக்கியும் தூக்குறதுக்கு தான், தாங்குறதுக்கு இல்ல, உள்ள இருக்கிற சீல் கசிஞ்சா மெதுவாவும் இறங்கும், படக்குன்னும் இறங்கும். தூக்குன உடனே மேனுவல்ல காட்டியிருக்கிற பாயின்ட்ல ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு குடுத்து, வண்டிய அதுல உக்கார வச்சு, பக்கவாட்டுல கையால அழுத்தி ஆட்டிப் பாத்து, ஆடலன்னா தான் அடியில போகணும். ஹாலோ பிளாக், செங்கல் இதெல்லாம் வைக்கவே கூடாது, ஹாலோ பிளாக் நல்லா தாங்குற மாதிரியே இருந்து ஒரே செகண்டுல நொறுங்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, ஃபர்ஸ்ட் கியர்ல விட்டு, பின் டயருக்கு ரெண்டு பக்கமும் கல்லு போடுங்க. ஸ்டெப்னிய வெளிய எடுத்து வண்டி ஓரத்துல அடியில தள்ளி வைங்க, எதாவது நடந்தா அது ஒரு தாங்கல். வீட்டுல ஒருத்தர் சத்தம் கேக்கிற தூரத்துல இருக்கணும், குழந்தைங்க இருந்தா உள்ள அனுப்பிடுங்க.

ராம்பு ஒரு வழி, ரெண்டு முன் டயரையும் மேல ஏத்தி நிறுத்துற சாய்வு மேடை. ஜாக்கிய விட எனக்கு இது மேல நம்பிக்கை ஜாஸ்தி, ஏன்னா வண்டி அதோட டயர்லயே நிக்குது. ஆனா ஏத்தும்போது முன்னாடி நின்னு பாத்துச் சொல்ல ஒரு ஆளு கட்டாயம் வேணும், வழுக்குற டைல்ஸ் தரையில ராம்பு நகர்ந்துடும், முன் பம்பர் தாழ்வா இருக்கிற வண்டிக்கு இடிக்கும். பொலீரோ, தார் மாதிரி உயரமான வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு இந்தத் தலைவலியே இல்ல, தூக்காமலே கை எட்டும். டிப் ஸ்டிக் (ஆயில் அளவு பாக்கிற கம்பி) குழாய் வழியா மேல இருந்தே ஆயில உறிஞ்சி எடுக்கிற பம்பும் விக்கிது, வண்டிக்கு அடியில போக முடியாதவங்களுக்கு நல்ல விஷயம் தான், ஆனா அடியில தங்குற கசடு முழுசா வராது, சில வண்டியில குழாய் அடி வரைக்கும் போகாது, ஃபில்டர் அடியில இருந்தா எப்படியும் கீழ போய்த் தான் ஆகணும். அதனால நான் அது பக்கம் போகல.

வேலை எப்படி இருக்கும்னு கொஞ்சம் கிட்டப் போய் சொல்றேன். இன்ஜின அஞ்சு நிமிஷம் ஓட விட்டு அணைச்சிடுங்க, ஆயில் வெதுவெதுப்பா இருந்தா முழுசா வடியும், நீண்ட தூரம் ஓட்டிட்டு வந்து உடனே பண்ணா கை வெந்துடும். மேல ஆயில் ஊத்துற மூடிய கழட்டி வைங்க. ட்ரெயின் போல்ட் பெரும்பாலும் 14 இல்ல 17 சைஸ், ஓப்பன் ஸ்பேனர் போடாதீங்க, ஆறு முனை பாக்ஸ் போடுங்க, இல்லன்னா முன்னாடி யாரோ பைப்பு போட்டு முறுக்கி வச்சிருக்கிற போல்ட்டோட தலை உருண்டு போயிடும், அப்புறம் வெல்டிங் கடை தான். அடியில படுத்துட்டு பாக்கும்போது இடம் வலம் குழம்பும், போல்ட் தலைய நேருக்கு நேரா பாக்கிற மாதிரி நினைச்சுட்டு கடிகார முள்ளு சுத்துறதுக்கு எதிர்ப்பக்கமா திருப்புங்க. கடைசி மரை வரும்போது போல்ட மேல அழுத்திப் பிடிச்சுக்கிட்டே சுத்தி, கழண்டதும் சட்டுனு கைய இழுங்க. ஆயில் நேரா கீழ விழாது, முதல்ல போல்ட் பாத்துட்டு இருக்கிற பக்கமா ஒரு அடி தள்ளிப் பீச்சும், ட்ரேய அங்க வைங்க, வேகம் குறையக் குறைய தாரை பின்னாடி வரும், நீங்களும் ட்ரேய பின்னாடி நகர்த்திக்கிட்டே வரணும். பத்து நிமிஷம் சொட்டட்டும்.

அந்தப் பத்து நிமிஷம் தான் எனக்குப் பிடிச்ச நேரம், வண்டி தன் ஒரு வருஷக் கதைய சொல்ற நேரம். கறுப்பா இருந்தா பயப்பட ஒண்ணும் இல்ல, அதுவும் டீசல் ஆயில் ஊத்தின கொஞ்ச நாள்லயே கறுத்துடும், அழுக்க இழுத்து வச்சுக்கிறது தான் அதோட வேலை. பால் காபி மாதிரி கலங்கி வந்தா கூலன்ட் கலந்திருக்க வாய்ப்பு இருக்கு, வண்டிய எடுக்காம மெக்கானிக்கக் கூப்பிடுங்க. பெட்ரோல் வாசம் தூக்கலா அடிச்சா ஓட்டமெல்லாம் ரெண்டு மூணு கிலோமீட்டர் குட்டி ஓட்டமா இருந்திருக்கும், அப்படி ஓட்டுறவங்க கிலோமீட்டர் ஆகலன்னாலும் மாசக் கணக்குப் பாத்து மாத்திடணும். ஒரு சொட்ட விரல்ல தேச்சு வெயில்ல காட்டுங்க, மினுமினுன்னு உலோகத் துகள் தெரியுதா பாருங்க. தெரிஞ்சா உள்ள ஏதோ தேயுது. சர்வீஸ் சென்டர்ல இத யாரும் நமக்குக் காட்டப் போறதில்ல, அதுக்கு அவங்களுக்கு நேரமும் இல்ல. என் வண்டி வயசான வண்டி, அதுக்கு இந்த ஒரு சொட்டுக்காகவே நான் அடியில படுப்பேன்.

ஃபில்டர் கழட்டும்போது பழைய ரப்பர் ரிங்கு ஃபில்டரோடயே வந்துச்சான்னு பாருங்க. அது இன்ஜின் மேலயே ஒட்டிக்கிட்டு அது மேல புதுசு ஏறுச்சுன்னா ஓட்டும்போது மொத்த ஆயிலும் ரோட்டுல ஊத்திடும், இன்ஜின் சீஸ் ஆகுறதுக்கு இது ஒண்ணே போதும். புது ரிங்குல புது ஆயில விரலால தடவி, கையால சுத்தி, ரிங்கு தொட்டதுக்கு அப்புறம் முக்கால் சுத்து கையாலயே, ரெஞ்சு போட்டு முறுக்க வேண்டாம். பழைய ஸ்விஃப்ட், டிசையர் டீசல்ல இருக்கிற 1.3 இன்ஜின் மாதிரி சிலதுல டப்பா ஃபில்டர் இல்ல, உள்ள பேப்பர் எலிமென்ட் மட்டும் மாத்துற டைப்பு, மூடியில இருக்கிற ஓ ரிங்கையும் சேர்த்து மாத்தணும், முதல் தடவை பண்றவங்க அந்த வண்டிய செட்டுல வச்சே பண்ணுங்க. ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாசர் போட்டு முதல்ல கையால மரை ஏத்துங்க, அப்புறம் மேனுவல்ல சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சு. சின்ன கார்ல அது 35, 40 நியூட்டன் மீட்டர் கிட்ட தான் இருக்கும், நம்ம கை நினைக்கிறத விட ரொம்ப கம்மி. அலுமினிய சம்புல, அதான் ஆயில் தேங்குற அடித் தொட்டியில, மரை போச்சுன்னா ஒரு ஆயில் சர்வீஸ் காச விட ஜாஸ்தியா செலவாகும்.

ஊத்தும்போது மேனுவல் அளவுல அரை லிட்டர் குறைச்சு ஊத்தி, ஸ்டார்ட் பண்ணி, டேஷ்ல ஆயில் லைட்டு சில செகண்டுல அணையுதான்னு பாத்து, ஒரு நிமிஷத்துல அணைச்சு அடியில கசிவு பாருங்க. அப்புறம் வண்டிய கீழ இறக்கி சமதளத்துல அஞ்சு நிமிஷம் விட்டு டிப் ஸ்டிக் பாத்து மிச்சத்த கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. தூக்கி வச்ச நிலையில டிப் ஸ்டிக் பாத்தா தப்பு காட்டும். மேக்ஸ் கோட்டத் தாண்ட வேண்டாம், ஜாஸ்தியா ஊத்துனா இன்னும் நல்லதுன்னு நினைக்கிறவங்க இருக்காங்க, அது உள்ள சுத்துற கிராங்க் ஷாஃப்ட்ல அடிபட்டு நுரைச்சா பம்புக்கு ஆயிலுக்கு பதில் காத்து தான் போகும்.

இப்ப அந்த ரெண்டாவது கேள்வி, பழைய ஆயில். இதுல தான் எனக்கு உண்மையிலயே கோவம் வரும். சாக்கடையில ஊத்துறது, காலி மனையில ஊத்துறது, கரையானுக்குன்னு வேலி மரத்துக்கு அடிக்கிறது, சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் குடுக்கிறது, எல்லாமே ஊர்ல சர்வ சாதாரணமா நடக்குது. 2016 அபாயகரக் கழிவு விதிகள்ல பழைய ஆயிலும் வருது, அதுல தேய்ஞ்ச உலோகமும் எரிஞ்ச கசடும் இருக்கு, மண்ணுல இறங்குனா பக்கத்துல இருக்கிற கிணத்துக்கும் போர்வெல்லுக்கும் தான் போகும், அந்தத் தண்ணியத் தான் நாம புழங்குறோம். 2024 ஏப்ரல்லேர்ந்து ஆயில் தயாரிக்கிற கம்பெனிங்களே பழைய ஆயில் மறுசுத்திகரிப்புக்குப் பொறுப்பேத்துக்கணும்னு விதி வந்திருக்கு, ஆனா வீட்டு வாசல்ல 3 லிட்டர் வடிக்கிற நமக்குன்னு தெருவுக்குத் தெரு வாங்கிக்கிற இடம் இன்னும் வரல. அதனால நாம தான் கேட்டு வச்சுக்கணும். நான் ஆயில் வாங்குன கேன்லயே பழச திருப்பி ஊத்தி மூடி, தெரிஞ்ச ஒர்க் ஷாப்ல குடுத்துடுறேன், அவங்க பேரல் ரொம்பினதும் லைசென்ஸ் இருக்கிற ஆளு வந்து எடுத்துட்டுப் போறாங்க. அவங்க பேரல்ல ஊத்தினதுக்கு அப்புறம் தான் அந்தக் கேனக் கிழிக்கச் சொல்லிடுவேன். பழைய ஃபில்டரையும் ஒரு ராத்திரி கவுத்து வச்சு வடிய விட்டு சேர்த்துக் குடுங்க. கூலன்ட், பெட்ரோல், தண்ணி எதையும் அதோட கலக்காதீங்க, கலந்துட்டா யாரும் வாங்க மாட்டாங்க. வாங்கிக்கிற ஆள முன்கூட்டியே பாத்து வச்சுட்டு தான் போல்ட்ல ஸ்பேனர் வைக்கணும்.

மச்சானுக்கு வருவோம். பேஸ்மென்ட் பார்க்கிங், சாய்வு தரை, மேல அசோசியேஷன் ரூல், பக்கத்து வண்டிக்கும் நம்ம வண்டிக்கும் நடுவுல ஒரு ஆளு படுக்கக் கூட இடம் இல்ல. அங்க நீங்க பண்ணவே கூடாது, செட்டுல பிட்டு இருக்கிற மெக்கானிக்கப் பிடிங்க, சாமான் நீங்க வாங்கிக்கோங்க, முதல் தடவை பாருங்க, அடுத்த தடவை குழிக்குள்ள இறங்கி நீங்க பண்ணுங்க, அவரு பாக்கட்டும்னு சொன்னேன். அவருக்கு ஆசையும் தீரும், எட்டாயிரம் ரூபாய் சாமானும் பால்கனியில துருப்பிடிக்காது.

தனி வீடு, கெட்டித் தரை, வீட்டுல ரெண்டு மூணு வண்டி, பழைய ஆயில வாங்கிக்க ஆளு, இதெல்லாம் இருக்கிறவங்க தாராளமா சாமான் வாங்கலாம், ஜாக்கியும் ஸ்டாண்டும் பிரேக் வேலைக்கும் டயர் ரொட்டேஷனுக்கும் உதவும், அப்போ காசும் சீக்கிரம் எடுத்துடலாம். முதுகு வலி, முட்டி வலி இருக்கிறவங்க, வயசானவங்க, வண்டி வாரன்ட்டியில இருக்கிறவங்க சர்வீஸ் சென்டர்லயே விட்டு ஜாப் கார்ட மட்டும் கவனமா பாருங்க. டிபிஎஃப் இருக்கிற டீசல்காரங்க எங்க மாத்தினாலும் சரி, மேனுவல்ல இருக்கிற ஆயில் ஸ்பெசிஃபிகேஷன போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க, கடையில கேன் பின்பக்கத்துல அதே எழுத்து இருக்கான்னு பொருத்திப் பாத்துட்டு காசு குடுங்க.

எங்க மாத்தினாலும் பில்லு, தேதி, கிலோமீட்டர் மூணையும் ஒரு நோட்டுல எழுதி டேஷ் பாக்ஸ்ல போட்டு வைங்க, சர்வீஸ் ரிமைண்டர் இருந்தா ரீசெட் பண்ணிடுங்க. முதல் அம்பது கிலோமீட்டர் ஓட்டினதும் ஒரு தடவை டிப் ஸ்டிக்கும், ட்ரெயின் போல்ட் பக்கமும் பாத்துடுங்க, சர்வீஸ் சென்டர்ல மாத்தியிருந்தாலும் தான்.